குணமாகாத காதலர்கள்

1845 மே 20ஆம் தேதி, லண்டன் விம்போல் தெருவில் 50ஆம் எண் வீட்டின் மாடியறைக்கு ராபர்ட் பிரவுனிங் முதன்முறையாக ஏறிப்போனார். அந்த அறையில் சோபாவில் சாய்ந்திருந்த எலிசபெத் பாரெட்டுக்கு அப்போது 39 வயது. பதினைந்து வயதை ஒட்டித் தொடங்கிய நோய், பிறகு நுரையீரலையும் பற்றிக்கொண்ட நலிவு, தூக்கத்துக்கும் வலிக்கும் அன்றாடம் அபினிச் சாறு, 1840இல் கடலில் மூழ்கி இறந்த தம்பியின் துக்கம் என்று அவருடைய உலகம் அந்த அறையளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் கவிஞர் என்ற வகையில் அவர் பெயர் பெற்றவர்; அவரைவிட ஆறு வயது இளையவரான பிரவுனிங்கின் பெயர் அப்போது அவ்வளவு பரவியிருக்கவில்லை. நான்கு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகுதான் அந்த முதல் சந்திப்பு நிகழ்ந்தது. உடனே பிரவுனிங் தன் காதலைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். எலிசபெத் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார், இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன். இருவரும் எழுதிக்கொண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களில் காலத்துக்குத் தப்பாமல் போனது அந்த ஒன்றுதான். பிரவுனிங் அதை எரித்துவிட்டார்.

எலிசபெத்துக்கு அவர்மேல் ஈர்ப்பு இல்லாமலில்லை. இவ்வளவு நோயுற்ற ஒருத்தி ஓர் ஆணின் வாழ்க்கையில் நுழைவது அவனுக்குச் செய்யும் தீங்கு என்று அவர் உறுதியாக நம்பினார். அடுத்த பதினாறு மாதக் கடிதங்களும், அந்தக் காலத்தில் அவர் ரகசியமாக எழுதிவைத்த காதல் கவிதைகளும் இந்த ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: நோயாளிக்குக் காதலை ஏற்றுக்கொள்ள உரிமை உண்டா? வெளியே இன்னொரு சுவரும் இருந்தது. பிள்ளைகள் எவரும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவருடைய தந்தையின் கட்டளை. 1846 செப்டம்பர் 12 அன்று இருவரும் யாருக்கும் தெரியாமல் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். எலிசபெத் எதுவும் நடவாததுபோல் வீடு திரும்பினார். ஒரு வாரம் கழித்து, பணிப்பெண்ணையும் நாயையும் அழைத்துக்கொண்டு கணவருடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். தந்தை கடைசிவரை மன்னிக்கவில்லை.

இந்தக் கதையை 1930இல் ருடால்ஃப் பெசியர் நாடகமாக்கினார். 1934இல் ஹாலிவுட் படமாக்கியது. படுக்கையில் கிடந்த பெண்ணைக் காதல் எழுப்பி நடக்கவைத்தது என்ற அளவில் அது மக்கள் மனதில் பதிந்துவிட்டது. உண்மை அதைவிடச் சுவையானது. இத்தாலியின் வெப்பமும் விடுதலையும் எலிசபெத்துக்குத் தெம்பு தந்தன என்பது சரி. ஆனால் நோய் போகவில்லை. நுரையீரல் உபாதை தொடர்ந்தது. மார்ஃபின் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பலமுறை கரு கலைந்தது. அதே உடம்போடுதான் 43ஆம் வயதில் மகனைப் பெற்றார். அதே உடம்போடுதான் 'அரோரா லீ' என்ற நெடுங்கவிதை நாவலை எழுதினார். 1861 ஜூன் 29 அன்று ஃபிளாரன்ஸில் கணவரின் கைகளில் உயிர் துறந்தார். பதினைந்து ஆண்டு இல்லறம். அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் அவர் நோயாளிதான். அந்த இல்லறத்தை நிறைவானதென்று சொல்ல அவர் குணமடைந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

நாடகமும் சினிமாவும் இதை ஏன் அப்படியே விட்டுவைக்கவில்லை? காதல் கதையின் கட்டுமானத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் பமெலா ரெஜிஸ் 2003இல் வெளியிட்ட நூலில் காதல் நாவலின் எலும்புக்கூட்டை எட்டு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். காதலர்களின் சமூகம், சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலை வெளிப்படுத்துதல், எல்லாம் முடிந்துபோனதாகத் தோன்றும் 'சடங்கு மரணம்', தெளிவு பிறத்தல், இணைதல். இவற்றில் அச்சாணி தடைதான். தடை விழும் இடத்தில் கதை முடிகிறது. 1980இல் தோன்றிய அமெரிக்கக் காதல் புனைவு எழுத்தாளர் சங்கம் தன் வரையறையில் இரண்டே நிபந்தனைகளை வைத்தது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இந்த வகை நாவலை வாங்கும் வாசகர் முதல் பக்கத்திலேயே செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது. இப்போது நாள்பட்ட நோயைத் தடையின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். முடக்குவாதம் விழாது. லூபஸ் விலகாது. முதல்வகை நீரிழிவு கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்தாது. தடை விலகாதபோது முடிவுக்கு வருவது எப்படி?

பழைய கதைகளுக்கு இரண்டு வழிகள் தெரிந்திருந்தன: நோயைத் தீர்த்துவிடுவது, அல்லது நோயாளியைத் தீர்த்துவிடுவது. ஷார்லட் பிராண்டி 'ஜேன் அயர்' நாவலில் பார்வையிழந்த ரோச்செஸ்டருக்கு மணவாழ்வின் மூன்றாம் ஆண்டை ஒட்டி ஒரு கண்ணில் ஓரளவு பார்வையைத் திருப்பித் தந்தார். விக்டோரிய கால இலக்கியத்தை ஆராய்ந்த மார்த்தா ஸ்டாடர்ட் ஹோம்ஸ் மூன்றாவதாக ஒரு ஏற்பாட்டையும் கண்டெடுத்தார். உடல் ஊனமோ நோயோ உள்ள ஒரு பெண்ணையும் நலமான ஒரு பெண்ணையும் அக்கதைகள் இரட்டையர்போலப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகின்றன. முன்னவளுக்குக் கண்ணீரும் உணர்ச்சிப் பெருக்கும். பின்னவளுக்குக் கல்யாணமும் குழந்தையும்.

மரணத்தின் வழிதான் அதிகம் புகழ் பெற்றது. பாரிஸில் மரி துப்ளெசி என்ற பெண் 1847 பிப்ரவரியில் 23 வயதில் காசநோயால் இறந்தார். அவருடைய காதலர்களில் ஒருவரான இளைய அலெக்சாந்தர் தூமா மறு ஆண்டே அவரை 'கமீலியா மலர்ப் பெண்' என்ற நாவலாக்கினார். 1853இல் வெர்டியின் 'லா த்ராவியாட்டா' அதை இசை நாடகமாக்கி வெனிஸில் அரங்கேற்றியது. வெளிறிய முகம், பளபளக்கும் கண், கைக்குட்டையில் சிறு சிவப்புப் புள்ளி என்று காசநோய்க்கு ஓர் அழகியலே உருவானது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்த பிறகும் இந்த மயக்கம் எளிதில் தெளியவில்லை. 1896இல் புச்சினியின் 'லா போஹெம்' வந்தது. பிறகு மலைச் சானடோரியங்கள் காதலின் களமாயின. தாமஸ் மன்னின் 'மாய மலை' 1924இல் வெளியானது. ரெமார்க்கின் 'மூன்று தோழர்கள்' 1936இல்.

சானடோரியக் காதலுக்கு முற்றுப்புள்ளி வைத்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்தடுத்து மற்ற மருந்துகளும் வந்தபின், நோயாளியை மாதக்கணக்கில் தனி இடத்தில் வைத்திருப்பது அவசியமா என்ற கேள்வி எழுந்தது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம் நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவர்கள் வீட்டிலும் சிகிச்சை அளித்தது. 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு என்றிருந்தாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் வீட்டிலேயே ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. மலையடிவாரத்துப் பிரிவு, பனிபடர்ந்த பால்கனி, கடைசிச் சந்திப்பு ஆகியவற்றின் மருத்துவ அடிப்படை அத்தோடு போயிற்று. மருத்துவம் மாறும்போது காதல் கதையின் முடிச்சும் மாறியாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கதை சொல்பவர்கள் வேறு நோய் தேடினார்கள். சூசன் சொண்டாக் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற அனுபவத்தின் பின்னணியில் 1978இல் எழுதிய 'நோயென்னும் உருவகம்' நூலில் இதைக் கச்சிதமாகப் பிடித்தார். கட்டி, அறுவை, உடல் சிதைவு என்று வரும் புற்றுநோய் காதல் கதைக்கு ஒத்துவரவில்லை. வெளிறச் செய்து அழகாகக் கொல்லும் ரத்தப் புற்றுநோய்க்குக் காசநோயின் பழைய நாற்காலி கிடைத்தது. எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி' 1970இல் வந்தது அந்த நாற்காலியில் அமர்ந்துதான். நம் திரையுலகமும் தாமதிக்கவில்லை. 2012இல் ஜான் கிரீன் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' எழுதியபோது ஆக்ஸிஜன் குழாயும் செயற்கைக் காலும் பதின்வயதினர் காதலுக்குள் நேர்மையோடு வந்தன. அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் இருவரில் ஒருவர் இறந்தே ஆக வேண்டும் என்ற விதி அங்கும் மாறவில்லை.

இறப்பைவிட என்னை அதிகம் உறுத்துவது இறப்புக்கு முன் இந்தக் கதைகள் நோயாளியிடம் கேட்கும் ஒரு காரியம். தூமாவின் நாயகி மார்கரித், காதலனின் குடும்ப மானத்துக்காக அவனை விட்டு விலகுகிறாள். விலகும்போது உண்மையைச் சொல்வதில்லை. தான் துரோகம் செய்துவிட்டதாக அவனை நம்பவைக்கிறாள். இந்தப் பொய் ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் கடந்து நம் திரையில் மறுபடி பிறந்தது. 1982இல் வந்த 'வாழ்வே மாயம்' படத்தில் தனக்குப் புற்றுநோய் என்று அறிந்த நாயகன், காதலி தன்னை வெறுத்து வேறொருவனை மணக்கட்டும் என்பதற்காகக் கெட்டவனாக நடிக்கிறான். அது 1981இல் வந்த 'பிரேமாபிஷேகம்' என்ற தெலுங்குப் படத்தின் மறுவடிவம்; இரு மொழி ரசிகர்களும் அந்தப் பொய்யைக் கொண்டாடினார்கள். 1961இல் வெளியான 'பாலும் பழமும்' படத்தில் காசநோய் கண்ட மனைவி கணவனின் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று வீட்டை விட்டே போய்விடுகிறாள். 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. நோயாளிக் கணவன், தான் இறந்துவிட்டால் தன் டாக்டரை, அதாவது அவளுடைய பழைய காதலரை, மணந்துகொள்ளும்படி மனைவியைக் கேட்கிறான்.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், நோயாளிக்குக் காதல் கதையில் ஒதுக்கப்பட்டிருந்த வேலை விளங்கும்: ஒதுங்கிக்கொள்ளுதல். நலமாக இருப்பவரின் வாழ்க்கை கெடாமல், முடிந்தால் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு விலகிவிட வேண்டும். அப்படி விலகுவதே அவருடைய காதலின் உரைகல். எலிசபெத் பாரெட் முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பியதும் இதே கடமை உணர்ச்சியில்தான். 2012இல் ஜோஜோ மோயெஸ் எழுதிய 'மீ பிஃபோர் யூ' நாவலில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த நாயகன் காதல் கிடைத்த பிறகும் சுவிட்சர்லாந்து சென்று துணையோடு உயிர்விடுகிறான். நாயகிக்குப் புது வாழ்வுக்கான பணத்தை விட்டுச்செல்கிறான். 2016இல் அதன் திரைப்படம் லண்டனில் திரையிடப்பட்டபோது மாற்றுத்திறனாளிகள் வெளியே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களைக் காதலிப்பவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி செத்துப்போவதுதானா என்பதே அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு நாவலை நோக்கி மட்டும் எழுந்ததல்ல அது. நூற்றெழுபது ஆண்டு மரபை நோக்கி எழுந்தது.

2019ஆம் ஆண்டை இந்த வரலாற்றில் ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' படம் வெளியானது. அதன் நாவல் வடிவம் சில மாதங்கள் முன்பே வந்திருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள இரு இளைஞர்கள் மருத்துவமனையில் சந்திக்கிறார்கள். இந்நோயில் சளி கெட்டிப்பட்டு நுரையீரலை அடைத்துக்கொள்ளும். ஒருவரிடமுள்ள கிருமி மற்றவருக்குப் போனால் ஆபத்து என்பதால் நோயாளிகள் ஆறடி விலகியிருக்க வேண்டும். தொட முடியாத காதல் என்பது திரைக்கதைக்குக் கிடைத்த புதையல். படத்துக்கு ஆலோசனை தந்த கிளேர் வைன்லாண்ட், தானும் அதே நோயோடு வாழ்ந்தவர். நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் 2018 செப்டம்பரில் 21 வயதில் காலமானார். படமும் பிரிவில்தான் முடிகிறது. ஆனால் அதே 2019 அக்டோபரில் அமெரிக்காவில் டிரைகாஃப்டா என்ற மூன்று மருந்துக் கூட்டு அனுமதி பெற்றது. சுமார் 90 சதவீத நோயாளிகளின் மரபணுக் கோளாறுக்கு அது பொருந்தும். விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல்; ஆகவே அது எல்லோருக்கும் எட்டிய வரமல்ல. எட்டியவர்களுக்கோ ஓய்வூதியம், பிள்ளை, வயோதிகம் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டிய புதிய நிலைமை வந்தது. எப்போது சாவு என்ற கேள்வி, இத்தனை வருடத்தை யாரோடு எப்படி வாழ்வது என்ற கேள்வியாக மாறிவிட்டது. இரண்டாவது கேள்வி அழுகையைக் குறைவாகவே வரவழைக்கும். எழுதுவதற்குக் கடினமானதும் அதுதான்.

அதே ஆண்டு வந்த இரண்டு நாவல்கள் அந்தக் கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டன. ஒன்று, பிரிட்டிஷ் எழுத்தாளர் தாலியா ஹிபர்ட்டின் 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்'. க்ளோயி கறுப்பினப் பெண், வசதியான குடும்பம், வலைத்தள வடிவமைப்பு அவள் தொழில். அவளுக்கு ஃபைப்ரோமையால்ஜியா. உடம்பெங்கும் வலி, தூங்கினாலும் தீராத அசதி, மனம் மந்தமாகிப்போகும் நேரங்கள். ரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ இது தெரியாது. இந்த நோய் உள்ளவர்களின் முதல் போராட்டமே தங்களை நம்பவைப்பதுதான். நோய் வந்தபின் நண்பர்கள் மெல்ல நழுவினார்கள், நிச்சயித்தவனும் போய்விட்டான். ஒரு நாள் கார் மோதுவதிலிருந்து மயிரிழையில் தப்பியவள், வாழாமலேயே செத்திருப்போமே என்று அதிர்ந்து, செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று போடுகிறாள். பெற்றோர் வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போவது அதில் ஒன்று. மோட்டார் சைக்கிளில் போவது, கூடாரமடித்துக் காட்டில் தங்குவது என்று மேலும் சில. அவள் குடிபோன அடுக்ககத்தைப் பராமரிப்பவன் ரெட். இரவில் ஓவியம் வரைபவன். முன்பொரு பெண்ணிடம் அடியும் அவமானமும் பட்டு மீண்டவன்.

ஹிபர்ட்டின் கைத்திறன் தடையை எங்கே வைக்கிறார் என்பதில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் இருக்கும் வலி கடைசி அத்தியாயத்திலும் இருக்கிறது. மாத்திரைகளும் மோசமான நாட்களும் அந்த வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களைப் போல இயல்பாகக் கதையில் கிடக்கின்றன. காதலர்களைப் பிரிப்பது அவனுடைய ஆறாத காயமும், மறுபடி ஒருவன் விட்டுவிட்டுப் போவான் என்ற அவளுடைய அச்சமும்தான். அந்த இரண்டும் விழக்கூடிய தடைகள், விழுகின்றன. ரெஜிஸ் வகுத்த எட்டு உறுப்புகளும் சிதையாமல் இருக்கின்றன. வாசகரோடு செய்த ஒப்பந்தமும் காப்பாற்றப்படுகிறது. எலிசபெத் பாரெட்டின் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்தது இதுதான் என்பதைக் கவனிக்கலாம். அங்கும் விழுந்தது தந்தையின் கட்டளையும், நோயாளி ஒதுங்க வேண்டும் என்ற தன்னம்பிக்கையின்மையும். நுரையீரல் அப்படியே இருந்தது. வாழ்க்கை 1846இலேயே கண்டுபிடித்துவிட்ட முடிவை வெகுஜன நாவல் பரவலாகக் கண்டுகொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

க்ளோயியைக் கைவிட்ட வருங்காலக் கணவன் கதைக்காகச் செய்த மிகை அல்ல. 2009இல் 'கேன்சர்' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, மூளைக்கட்டி, மற்ற புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் ஆகியவை கண்ட 515 மணமானவர்களைத் தொடர்ந்து கவனித்தது. நோயாளி மனைவியாக இருந்த இணைகளில் 20.8 சதவீதம் பிரிந்தன. நோயாளி கணவனாக இருந்தவற்றில் 2.9 சதவீதம். இந்த எண்களைத் தெரிந்துகொண்டபின், நோயுள்ள ஒரு பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆண் நிலைத்து நிற்பதாக எழுதும் காதல் நாவலை வெறும் கனவு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கனவுக்குப் பின்னால் ஒரு புள்ளிவிவரத்தின் வலி இருக்கிறது.

இன்னொரு நாவல், ஹன்னா மாஸ்கோவிட்ஸின் 'சிக் கிட்ஸ் இன் லவ்'. இசபெல்லுக்கு முடக்குவாதம், சாஷாவுக்கு கோஷே நோய், உடம்பில் ஒரு நொதி குறைவதால் வரும் பரம்பரைக் கோளாறு. இருவரும் சந்திப்பது டிரிப்ஸ் ஏற்றும் அறையில். கோஷே நோய்க்கு நொதியை வெளியிலிருந்து ஏற்றும் சிகிச்சை 1991இல் அனுமதி பெற்றது. இரு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மருந்து இல்லையென்றால் இந்தக் காதல் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும். இதில் யாரும் சாவதில்லை, யாரும் குணமாவதுமில்லை. இரு நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் நாவலின் உயிர். யாருக்கு வலி அதிகம், பார்த்தால் தெரியாத நோய் நோய்தானா, நலமாக இருக்கும் தோழிகளிடம் எவ்வளவு சொல்லலாம் என்றெல்லாம் அவர்கள் சண்டையும் போடுகிறார்கள். ஒருவர் நோயாளி, மற்றவர் பணிவிடை செய்பவர் என்ற பழைய ஏற்பாடு இங்கே கலைந்துவிடுகிறது. மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் மருத்துவக் காதல் வரிசையை நினைத்துப் பார்த்தால் இதன் புதுமை புரியும். அங்கே டாக்டருக்கும் நர்ஸுக்கும் காதல். நோயாளி அவர்கள் சந்திக்கக் கிடைத்த கட்டில்.

2021இல் ஜீன் மெல்ட்சர் எழுதிய 'தி மட்ஸா பால்' நாவலின் நாயகி ஒரு யூத ரபியின் மகள். ரகசியமாகக் கிறிஸ்துமஸ் காதல் நாவல்கள் எழுதிப் பிழைப்பவள். தீராச் சோர்வு நோய் உள்ளவள். மெல்ட்சருக்கும் அந்த நோய் உண்டு. ஒரு மாலை விருந்துக்குப் போய்விட்டு வந்தால் அடுத்த சில நாட்கள் எழ முடியாது என்ற கணக்கு அந்த நோயின் மையம். 2003இல் லூபஸ் நோயாளியான கிறிஸ்டீன் மிசரண்டினோ ஓர் உணவகத்தில் தோழிக்குக் கரண்டிகளை வைத்து இதே கணக்கை விளக்கினார்: நாளொன்றுக்குக் கையில் இத்தனை கரண்டிதான், குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று, பஸ் பிடிக்க ஒன்று. உலகெங்கும் நோயாளிகள் அந்தக் கணக்கைத் தங்கள் பேச்சாக்கிக்கொண்டார்கள். காதல் நாவலுக்கும் அது ஒரு புதிய இலக்கணம் தந்தது. நலமானவர்களின் கதையில் நடனம் என்பது நடனம். இந்தக் கதையில் நடனத்துக்குச் சம்மதிப்பது செவ்வாய், புதன், வியாழன் மூன்றையும் விலையாகத் தருவது. அப்படித் தருவதற்கு ஒருத்தி முன்வருகிறாள் என்றால் அதுவே காதலை வெளிப்படுத்தும் காட்சி. அதை அறிந்து அவன் நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிறான் என்றால் அது பதில்.

குறைகள் இல்லாமலில்லை. ரெட் போன்ற நாயகர்கள் பொறுமையின் வடிவங்களாகவே வருகிறார்கள். பத்தாவது வருடத்தில் பராமரிப்பவருக்கு வரும் களைப்பும் எரிச்சலும் இந்த நாவல்களின் எல்லைக்குள் வருவதில்லை. இன்பமுடிவு அதற்கு முன்பே திரையை இழுத்துவிடுகிறது. பணம் பற்றிய மௌனமும் உண்டு. க்ளோயிக்குக் குடும்பச் சொத்து இருக்கிறது. வேலை போனால் காப்பீடும் போய்விடும் ஒருவர், மாதக் கடைசியில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடும் ஒருவர், காதல் நாவலின் நாயகராவது அரிது. எமிலி பால்டிஸ் போன்ற ஆய்வாளர்கள், ஊனமுற்ற பாத்திரத்தை இயல்பான குடும்ப அச்சுக்குள் திரும்ப வார்த்துவிடும் வேலையைத்தான் காதல் நாவல் செய்கிறது என்று கடிந்தார்கள். ரியா செய்ன் 2019இல் வெளியிட்ட நூலில் மறுபக்கத்தைப் பார்த்தார்: ஊனமும் நோயும் துயரம்தான் என்று ஊறிப்போன வாசகரை, அவர்களின் மகிழ்ச்சியை எதிர்பார்க்கவும் விரும்பவும் பழக்குவது இந்த வகை நாவல்தான் என்றார். எனக்குச் செய்னின் வாதமே வலுவாகப் படுகிறது. இன்பமுடிவு உறுதி என்று தெரிந்து படிக்கும் வாசகர், நோயுள்ள நாயகிக்கும் அது உறுதி என்று ஒப்புக்கொண்டே பக்கத்தைப் புரட்டுகிறார். நல்லெண்ணப் பிரச்சாரத்தால் அந்த இசைவைப் பெறுவது கடினம். உயர் இலக்கியம் நோயாளிக்கு ஆழம் தந்தது; எதிர்காலத்தைத் தரத் தயங்கியது. விமர்சகர்கள் இளக்காரமாகப் பார்க்கும் வெகுஜன நாவல் அந்த எதிர்காலத்தைத் துணிந்து கொடுத்தது.

நம்மிடம் இந்தத் தடை கதையில் மட்டும் இருந்ததில்லை, சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்றது. அப்படி நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரவும் இடமிருந்தது. 1999இல்தான் வலிப்பு நோய் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவு 2019இல் நீங்கியது. தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து அப்போது நாற்பது ஆண்டுகளை நெருங்கியிருந்தது. சட்டம் இறங்கிவந்த இடத்துக்குச் சம்பந்தம் பேசும் கூடம் இன்னும் வந்து சேரவில்லை. ஜாதகக் கட்டத்தை வரிவரியாகப் பார்க்கும் குடும்பங்களில், பெண்ணுக்குத் தைராய்டு என்பதே தாழ்ந்த குரலில் பேசப்படும் செய்தி. வலிப்போ முடக்குவாதமோ வெண்புள்ளியோ இருந்தால் மறைத்துவிடு என்பதே அனுபவசாலிகள் தரும் யோசனை.

மறைப்பதற்கு ஒரு மருத்துவ விலை உண்டு. வலிப்பு நோயுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மருந்தாலேயே வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும். மருத்துவர் ஆலோசனையோடு மருந்தை மாற்றியமைத்து, கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கி, பெரும்பாலான பெண்கள் நலமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். ஆனால் சொல்லாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் புக்ககத்தில் மாத்திரை சாப்பிட முடியாது. மாத்திரைப் பட்டை யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்ற பயத்தில் நிறுத்துவாள். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும், சில சமயம் முன்பைவிடக் கடுமையாக. அப்போது ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு எழும். இப்படி முறிந்த திருமணங்களில் முறித்தது நோயா மறைப்பா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு காதல் நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இதற்குள் இருக்கிறது: சமூகம், தடை, ரகசியம், எல்லாம் முடிந்ததாகத் தோன்றும் ஓர் இரவு, வெளிப்படும் உண்மை. ரமணிசந்திரன் தொடங்கிப் பலர் வளர்த்தெடுத்த தமிழ்க் குடும்பக் காதல் நாவலுக்கு மாமியார் வீடும், சொல்லாமல் விட்ட சேதியும், தாமதமாகப் புரிந்துகொள்ளும் கணவனும் பழகிய களம்தான். அந்தப் பெண் கடைசிப் பக்கத்திலும் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை சாப்பிடுவாள். அலமாரிக்குள் புடவை மடிப்பில் ஒளித்துவைத்திருந்ததைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரும் அளவுக்கு அந்த வீடு மாற என்னென்ன நடக்க வேண்டும் என்பதை எழுத முந்நூறு பக்கம் தாராளமாகத் தேவைப்படும்.